ஐந்தாம் வளைவில் ஒரு சரிவு

மதிய வெயில் ஷெட்டின் பாதி ஏற்றிய ஷட்டருக்கு அடியில் நுழைந்து, பழைய லேப்டாப்பின் தூசியைக் காட்டிக்கொடுக்கிறது. ரேஸ் காரை விற்று மூன்று வருஷமாகியும், அக்கா ஓட்டிய ஒவ்வொரு சுற்றிலும் காரின் வேகம் ஏறி இறங்கியதைக் காட்டும் கோட்டைத் தம்பி அழிக்காமல் வைத்திருக்கிறான். அவற்றில் பழைய பதினாறு கோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகத் திரையில் போடுகிறான். ஐந்தாம் வளைவு வந்ததும் எல்லாக் கோடுகளும் சொல்லிவைத்தாற்போல் லேசாகச் சரிந்து எழுகின்றன. “இந்த இடத்துல ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுக்காதேன்னு ரேடியோவுல தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேன். கேட்டியா நீ?” டீ டம்ளரைக் கைக்குள் உருட்டியபடி அக்கா சிரிக்கிறாள். “அங்கதான்டா வேலி ஓரமா அம்மா மடக்கு நாற்காலி போட்டு உட்காந்திருப்பாங்க. வேகமா வந்தா பயந்து கண்ணை மூடிக்குவாங்க. கொஞ்சம் மெதுவா போனாத்தான் என்னைப் பார்ப்பாங்க.” ரேஸ் நடக்கும்போது அவன் ஒருநாளும் வேலிப் பக்கம் திரும்பியதில்லை, திரையே கதி என்று கிடந்தவன். இப்போது அவன் கண் தானாகச் சுவருக்குப் போகிறது. அக்காவின் ஆக வேகமான சுற்றின் கோடு அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் வெயில் பட்டு மின்னுகிறது. அந்தக் கோட்டில் மட்டும் ஐந்தாம் வளைவில் சரிவே இல்லை. அம்மா இறந்துபோன பிறகு ஓட்டிய சுற்று அது. பெருமையாகச் சட்டம் போட்டு மாட்டியவன் அவன்தான்.