பல்லால வாசிடா!

ராக் இசைக்குழுக்களைக் கிண்டலடித்து எடுத்த ஒரு சிரிப்புப் படம், ஒரே குழுவில் கச்சேரி செய்து பிழைக்கும் நண்பர்கள் மூவருக்கும் தலைகீழ்ப் பாடம். அதில் வரும் கிதார்காரன், கச்சேரிக்குக் கச்சேரி விரல் மரத்துவிட்டதாகச் சாக்குச் சொல்வான்.

மேடைக்குப் பின்னால் டீ வந்தபோது இவர்களுடைய கிதார்காரன் சொன்னான்: "டேய், விரல் மரத்துப் போச்சுடா."

"பல்லால வாசிடா!" படத்தின் பதிலையே திருப்பிக் கொடுத்தான் டிரம்மர்.

"விளையாடல. ஒரு வாரமாவே இப்படித்தான்."

"அடுத்த வசனத்தையும் விடமாட்டேங்கிறான் பாரு!" பாடகன் விழுந்து விழுந்து சிரித்து, கிதார்காரன் தோளில் ஓங்கித் தட்டினான்.

கிதார்காரன் கையிலிருந்த கொதிக்கிற டீ சிதறியது. காலில் தெறித்ததும் டிரம்மர் "ஐயோ!" என்று துள்ளினான்.

"ரெண்டு சொட்டுக்கா இந்தக் கூத்து?" கிதார்காரனும் சிரித்தான்.

மற்ற இருவரும் சிரிக்கவில்லை. அவன் இடது கையையே பார்த்தார்கள். மீதி டீ முழுவதும் அதில்தான் கொட்டியிருந்தது.