முழு பாட்டில்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஒன்றாக வேலை பார்க்கும் பரணிதரனும் இன்பராஜும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய வீடுகளின் தோட்டங்களில், வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டு, மண்ணைத் தோண்டி அந்தக் காலத்து பாட்டில்களைத் தேடுவார்கள். பரணிக்குக் கிடைப்பதெல்லாம் உடைந்த கண்ணாடிதான். இன்பராஜுக்கோ வாராவாரம் முழு பாட்டில் கிடைத்துவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் பரணிக்கு வயிறு எரியும்.

அன்று பரணி தோண்டிய குழியிலிருந்து நீல நிற மருந்து பாட்டில் ஒன்று வந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

“பாத்தியா தோஸ்த்! இப்போ இன்னா சொல்ற?” என்று கத்தினான்.

இன்பராஜ் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் சுருங்கியது.

“இன்னாடா, பொறாமையா?”

“இது வேலூர் பழைய சாமான் கடையில இருந்ததாச்சே. நேத்தே வாங்கியாந்து பொதைச்சிட்டுப் போய்ட்டியா?”

பரணி பாட்டிலைச் சட்டென்று பிடுங்கிக்கொண்டான். “உனக்கு எப்படிடா தெரியும்?”

இன்பராஜ் கடப்பாரையைக் கீழே போட்டான்.

“இந்த வாரம் நான் பொதைக்கணும்னு கடைக்காரர்கிட்ட இதைத்தான் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன்!”