இரண்டாவது பானை

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த லாரன்ஸ், தண்ணீர் குடிக்க விடுதியின் அடுப்படிக்குள் நுழைந்தான். அடுப்பில் இரண்டு பானை இருந்தது.

பெரிய பானையில் எல்லாருக்குமான புழுங்கலரிசிச் சோறு. பக்கத்தில் ஒரு சின்னப் பானை. மூடியைத் தூக்கினான். வெள்ளை வெளேரென்று சயாம் அரிசிச் சோறு!

"அக்கா, இது யாருக்கு?"

விடுதி நடத்தும் யோகம்மா, அகப்பையைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். "மாஸ்டருக்கு, தம்பி. ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டவர்."

"எப்பலேருந்து?"

"உங்களுக்கு அரிசி மாத்தின நாளிலயிருந்து."

அது 1909. பினாங்கு ஆர்கைல் ரோட்டில் இருந்த அந்த விடுதியில் தங்கியவர்கள் பெரும்பாலும் ஆபீஸ் குமாஸ்தாக்கள். முன்பெல்லாம் வெள்ளைச் சயாம் அரிசிதான் தின்றார்கள்; புழுங்கலைக் கூலி அரிசி என்று சீண்டவே மாட்டார்கள்.

சில மாதங்களுக்கு முன்னால், லாரன்ஸோடு ஒரே அறையில் தங்கியிருந்த வாசுவுக்குக் கால் மரத்தது. பிறகு வீங்கியது. ஒருநாள் காலையில் பல் விளக்கப் போனவன், மாரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. பெரிபெரி என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து லாரன்ஸ் கண் விழித்ததும், சிலுவை போடுவதற்கு முன்னாலேயே, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பான். வீங்கிய கால் என்றால் விரல் பதிந்த குழி உடனே நிரம்பாது. அவனுக்கும் லேசாகக் குழி விழத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் மாடியறையில் இருந்த சயன்ஸ் மாஸ்டர் சிவகுருநாதன் எல்லாரையும் கூட்டி, "பெரிபெரி வராமலிருக்க, இனி இந்த வீட்டில புழுங்கலரிசிதான்" என்று உத்தரவு போட்டார்.

குமாஸ்தா பாக்கியசாமி சீறினான். "அரிசிதான் காரணங்கிறது வெறும் தியரி, மாஸ்டர். அது சயன்ஸ் விதின்னு ஆகட்டும், அப்புறம் கூலி அரிசி திங்கிறேன்."

"தியரி முத்திப் பழுத்து விதி ஆகாது, தம்பி. ரெண்டும் வேற வேற. என்ன நடக்குது எண்டு சொல்றது விதி. அது ஏன் நடக்குது எண்டு சொல்றது தியரி. கையை விட்டால் தேங்காய் கீழ விழும். காரணம் தெரியுமட்டும் விழமாட்டன் எண்டு அது காத்திருக்குமோ? வெள்ளை அரிசி தின்னுற இடத்தில கால் வீங்குது. புழுங்கல் தின்னுற இடத்தில வீங்கேல்லை. ஏன் எண்டுதான் டாக்டர்மார் தங்களுக்குள்ள அடிபடுகினம். ஒருவர் அரிசியில நஞ்சு எண்டுறார், மற்றவர் கிருமி எண்டுறார்."

கிருமி என்ற சொல் லாரன்ஸைப் பிடித்துக்கொண்டது.

"கிருமியா இருந்தா அரிசியை மாத்தி என்ன பிரயோசனம், மாஸ்டர்? நான் வாசு பக்கத்துலேயே படுத்தவன். அது இந்த வீட்டுலதான் இருக்கு. அடுத்தது நான்தான்!" சொல்லும்போதே அழுதுவிட்டான்.

"பார்ப்பம், தம்பி," என்று மட்டும் சொன்னார் மாஸ்டர். மறுநாளிலிருந்து, பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று சாப்பாட்டை மாடிக்கே வரவழைத்துக்கொண்டார்.

தாள் திருத்திய லட்சணம் இப்போதுதான் தெரிகிறது!

புழுங்கல் சாப்பிட்டு லாரன்ஸின் கால் தேறியிருந்தது. பயம் தேறவில்லை. மாஸ்டரே வெள்ளை அரிசி தின்கிறார் என்றால், அரிசி காரணமில்லை என்று அவருக்கே தெரியும். அப்படியானால் கிருமிதான். இந்த வீட்டில், அவன் படுக்கிற அதே அறையில்.

விஷயத்தைக் கேட்டதும் பாக்கியசாமிக்கு மூக்கு விடைத்தது. "நமக்குக் கூலி அரிசி, வாத்தியாருக்கு சயாம் அரிசியா? வாடா, கேட்ருவோம்!"

இருவரும் படியேறிக் கதவைத் தள்ளினார்கள்.

மாஸ்டர் சாய்வு நாற்காலியில் இருந்தார். பாதம் மறைய வேட்டி. மடியில் பாதி தின்ற வெள்ளைச் சோற்றுத் தட்டு.

"வெக்கமா இல்ல, மாஸ்டர்?" பாக்கியசாமி தட்டைப் பிடுங்கினான்.

மாஸ்டர் எழப் பார்த்தார். முடியவில்லை. கால் மடங்கி நாற்காலியிலேயே விழுந்தார். வேட்டி விலகியது.

இரண்டு காலும் பளபளவென்று வீங்கியிருந்தன. லாரன்ஸ் பழக்கதோஷத்தில் குனிந்து கட்டைவிரலால் அழுத்தினான். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அப்படியே இருந்தது.

பாக்கியசாமி தட்டோடு படியிறங்கி ஓடினான். "அக்கா! மாஸ்டருக்கு நம்ம பானையிலேருந்து போடுங்க!" என்று அவன் கத்துவது மாடிவரை கேட்டது.

"உம்மட காலைக் காட்டும்," என்றார் மாஸ்டர்.

லாரன்ஸ் காட்டினான். அவரும் அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை.

"வாசுவோட படுத்த உமக்கு ஒண்டுமில்லை. மாடியில தனியப் படுத்த எனக்கு வீங்கிட்டுது. இந்த வீட்டில கிருமி இல்லை, தம்பி. இனிப் பயப்படாமல் நித்திரை கொள்ளும்."

"ஏன் மாஸ்டர் இப்படிப் பண்ணீங்க?"

"எல்லாருமே புழுங்கல் சாப்பிட்டிருந்தால், காப்பாத்தினது அரிசியா, கிருமி தானாப் போனதா எண்டு தெரியாதே. ஆராவது ஒருத்தர் வெள்ளை அரிசி சாப்பிட வேண்டியிருந்தது," என்றார் மாஸ்டர். "அழுதுகொண்டு நிண்ட பிள்ளையிட்ட அதைக் கேக்க எனக்கு மனம் வரேல்லை."