சிரிக்கக் கூடாத வகுப்பு

உலக வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய செய்தி: 1996 ஆம் ஆண்டு, மயிலாப்பூர்க் கல்லூரி ஒன்றில் நகைச்சுவை எழுத்துக்கும் நடிப்புக்குமான பட்டயப் படிப்பு தொடங்கப்பட்டது.

வகுப்பில் ஒரே சட்டம், சிரிக்கக் கூடாது. "சிரிக்கிறவன் பார்வையாளன். நாம படைப்பாளிகள்!" என்பார் பேராசிரியர் பத்ரிநாராயணன். முதல் வாரமே சிரித்துத் தொலைத்த பரத்வாஜைப் படிப்பிலிருந்தே துரத்திவிட்டார்.

ஆண்டு முடிவில், டி.வி. கம்பெனிக்காரர்கள் இருவர் காமெடித் தொடருக்கு ஆள் எடுக்க வந்தார்கள். முதல் மாணவி ரூபீனா மேடையேறினாள். வேலை கிடைக்காவிட்டால் அவளுக்கு வாப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடைதான் கதி.

தான் எழுதிய நாடகத்தை உயிரைக் கொடுத்து நடித்தாள். வந்தவர்களோ அவளைப் பார்க்கவே இல்லை. எதிரே உம்மென்று உட்கார்ந்திருந்த மாணவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரியாதை கெட்ட ஜென்மங்கள்! போதாததற்கு, ஜன்னலுக்கு வெளியே பரத்வாஜ் வாய் நிறைய பஜ்ஜியோடு விழுந்து விழுந்து சிரித்தான். கம்பியெல்லாம் எச்சில் துணுக்கு. ரூபீனா நடிப்பின் நடுவே ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"வாயை மூடுடா! என் வேலைக்கு உலை வைக்காதே!"

"முடியல ரூபீனா, வயிறு வலிக்குது!"

நாடகம் முடிந்ததும் வந்தவர்களில் மூத்தவர் எழுந்தார்.

"எழுதறவங்க எங்ககிட்ட ஏகப்பட்ட பேர் இருக்காங்க சார். ஷூட்டிங்ல முன்வரிசையில உட்கார்ந்து சிரிக்கத்தான் ஆள் இல்ல. உங்க பசங்க ஒருத்தர்கூடச் சிரிக்கலையே?"

"சிரிங்கோடா!" என்று அலறினார் பத்ரிநாராயணன்.

ரூபீனா உட்பட இருபது பேரும் பல்லைக் காட்டினார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

வேலை பரத்வாஜுக்குப் போயிற்று.