தெளிவான நீலம்

சோதனைக்கூடத்தின் ஜன்னல் வழியே மாலை வெயில் சாய்வாக விழுகிறது. மேசைமேல் வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழாய்களில் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் மிதக்கின்றன; பேர்தான் தங்கம், நிறமோ மாதுளைச் சாற்றின் சிவப்பு. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியதுமே கசியும் ஒரு புரதம் பட்டால் அந்தச் சிவப்பு நீலமாக மாற வேண்டும். நோயில்லாதவரின் சிறுநீர் மாதிரியில் மாறக் கூடாது. அதைச் சரிபார்க்கத்தான் ஆராய்ச்சியாளரான தங்கை தன் அக்காவை வரவழைத்திருக்கிறாள். அக்கா சின்னக் குப்பியை நீட்டிவிட்டு மூக்கைச் சுளிக்கிறாள். “இதுக்குத்தான் இத்தனை வருஷம் படிச்சியாடி?” தங்கை சிரித்துக்கொண்டே ஒரு சொட்டு விடுகிறாள். மூலையில் குளிர்பெட்டி உறுமுகிறது. சிவப்பு மெல்லக் கருக்கிறது, ஊதாவாகிறது, பிறகு தெளிவான நீலம். தங்கையின் சிரிப்பு நின்றுபோகிறது. குழாய் சரியாகக் கழுவப்படாமல் இருந்திருக்கலாம் என்று புதிது ஒன்றை எடுக்கிறாள், மறுபடியும் நீலம். தன்னுடைய மாதிரியை விட்டுப் பார்க்கிறாள். சிவப்பு அப்படியே இருக்கிறது. “என்னடி, உன் மருந்து கெட்டுப்போச்சா?” என்கிறாள் அக்கா. இந்த நிறத்துக்காகத்தான் தங்கை வருஷக்கணக்கில் தவம் கிடந்தாள். இவ்வளவு தெளிவாக ஒருநாளும் வந்ததில்லை. “மருந்து நல்லாத்தான் இருக்குக்கா.” கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். “ஆரம்பமாத்தான் இருக்கும். நாளைக்கே டாக்டரைப் பார்த்துடலாம். நானும் வர்றேன்.” அக்கா குழாயைப் பார்க்கிறாள், தங்கையைப் பார்க்கிறாள். “அப்போ உன் ஆராய்ச்சி ஜெயிச்சிடுச்சா?” என்று மெதுவாகக் கேட்கிறாள். தங்கை ஆமென்று தலையை ஆட்டுகிறாள்.