படித்தவர் யார்?

"ஏம்மா, உன்னை நம்பி இந்த வேலையைக் கொடுத்தேன். மெஷின் காலையிலேர்ந்து நட்டுவெச்ச மரம் மாதிரி நிக்குது."

செயலாளர் சொன்னதும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அது ஒரு மருத்துவ உதவி அறக்கட்டளை. வருகிற விண்ணப்பங்களை பிரவுசரில் திறந்து, சரிபார்த்து, 'ஏற்பு' அல்லது 'நிராகரிப்பு' பட்டனை அழுத்த ஒரு ஏஐ ஏஜென்ட் வைத்திருந்தார்கள். எந்த பட்டன் என்ன செய்யும், எப்போது அழுத்தலாம், எப்போது கூடாது என்று அந்த ஏஜென்டுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தவள் அவள்.

"ஏற்புன்னா மடமடன்னு அழுத்துது. நிராகரிப்புன்னா சண்டி மாடு மாதிரி படுத்துக்குது," என்றார் அதைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்காரர்.

"வெளியில ஒரு அம்மா குழந்தையோட உட்கார்ந்திருக்காங்க. நீ குழப்பி எழுதினதுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார் செயலாளர்.

தெளிவாகத்தானே எழுதினோம்? அவள் திரையைப் பார்த்தாள். 'படித்தவர் யார்?' என்று கேட்டிருந்தது ஏஜென்ட். கீழே 'செயலாளர், எம்.ஏ.' என்று யாரோ தட்டியிருந்தார்கள்.

"இது யார் சார் போட்டது?"

"நான்தான். படிச்சவர் யாருன்னு கேட்டுச்சு. இந்த ஆபீஸ்ல நான்தானே அதிகம் படிச்சவன்?"

ஏஜென்ட் அதற்கும் பதில் எழுதியிருந்தது: 'எம்.ஏ. என்ற பெயரில் விண்ணப்பம் இல்லை. படித்தவர் யார்?'

"கணக்காளர் பி.காம்.னு போட்டோம், ஒத்துக்கல. என் மருமகன் டாக்டர், அவர் பேரைக்கூடப் போட்டுப் பார்த்துட்டேன். இன்னும் யாரு படிச்சிருக்கணும் இதுக்கு?"

அவள் தான் எழுதிய விளக்கத்தைத் திறந்து வாசித்தாள்.

"நிராகரிப்பு. இதை அழுத்தினால் விண்ணப்பம் நிரந்தரமாக மூடப்படும். அலுவலர் ஒருவர் விண்ணப்பத்தை முழுமையாகப் படித்த பிறகே அழுத்த வேண்டும். படித்தவர் யார் என்று தெரியாவிட்டால் கேட்கவும்."

"அதனால?"

"பட்டத்தைக் கேக்கல சார். இந்த விண்ணப்பத்தைப் படிச்சவர் யாருன்னு கேக்குது. அவர் பேரைக் கொடுத்தா வேலை முடிஞ்சுது."

செயலாளரும் கம்ப்யூட்டர்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருமே படிக்கலையா சார்?"

"படிக்க ஆள் இருந்தா மெஷின் எதுக்கும்மா?"

"மெஷின் வர்றதுக்கு முன்னால?"

"வர்றது ஒண்ணா ரெண்டா? மேலாகப் பார்த்து ஒதுக்கிடுவோம்."

அதற்குள் கம்ப்யூட்டர்காரர் ஒரு விண்ணப்பத்தைத் திறந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், வெளியில இருக்கிற அம்மாவோடதும் நிராகரிப்புலதான் நிக்குது. டாக்டர் சான்றிதழ் இல்லையாம். ஆனா இருக்கு சார். மங்கலா, தலைகீழா ஸ்கேன் ஆகியிருக்கு. குழந்தைக்கு ஒரு காது போச்சு, இன்னொண்ணும் போயிட்டிருக்காம்."

இதற்கு முன்னால் ஒதுக்கியதில் இப்படி எத்தனையோ என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"சரி, அதை ஏத்துக்கோ. அந்த அம்மாகிட்டப் போய்ச் சொல்லிட்டு வா," என்றார் செயலாளர்.

கம்ப்யூட்டர்காரர் பட்டனை அழுத்திவிட்டு ஓட்டமும் நடையுமாக வெளியே போனார்.

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "மத்ததெல்லாம் தேங்கிக் கிடக்கு. படிக்கணும், கேக்கணும்னு ஒரு வரி வருதே, அதை யாரும்மா உன்னை எழுதச் சொன்னது?"

"நானா எழுதல சார். நம்ம வெப்சைட்ல முதல் பக்கத்துல, உங்க போட்டோவுக்குக் கீழ இருக்கு. 'எந்த விண்ணப்பத்தையும் முழுமையாகப் படிக்காமல் நாங்கள் நிராகரிப்பதில்லை'ன்னு. இதுதான் இங்க வழக்கம்னு நெனச்சு எடுத்துப் போட்டேன்."

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அந்த வரியை எடுத்துடும்மா."

அவள் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டாள்:

"எங்கேயிருந்து சார்? மெஷின்லேர்ந்தா, உங்க போட்டோவுக்குக் கீழேயிருந்தா?"