இருட்டுக் கண்ணாடி

"இப்பத் தெரியுதா?" என்று கொட்டகையின் கடைசி மூலையிலிருந்து கத்தினாள் நெல்டா.

"ஏதோ நிக்குது. நீயா தீவன மூட்டையான்னுதான் தெரியல."

"முப்பது வருஷம் குடித்தனம் பண்ணின பொண்டாட்டி உனக்கு மூட்டையாத் தெரியறேனா? ரொம்ப அழகாத்தான் செஞ்சிருக்க."

கார்லண்ட் கையிலிருந்ததை மறுபடி திருகினான். கோழி வளர்ப்பை விட்டபின் அந்த நீளக் கொட்டகை சும்மாதான் கிடந்தது. பக்கத் திரைகளை இறக்கிவிட்டால் டெக்சாஸின் மத்தியான வெயில்கூட உள்ளே எட்டிப் பார்க்காது. இருட்டில் பார்க்கும் கண்ணாடியைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

கழற்றிப் போட்ட காவல் கேமரா, ஒரு குட்டித் திரை, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் வீசும் டார்ச், தண்ணீர்க் குழாய்த் துண்டு. இத்தனையையும் சேர்த்து, துப்பாக்கி மேல் பொருத்துகிற மாதிரி அவனே செய்திருந்தான். மூன்று மாதமாகச் சாப்பாட்டு மேஜையை இதுதான் அடைத்துக்கொண்டிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

"பக்கவாட்டுல திரும்பு. நல்லாக் குனி," என்றான்.

நெல்டா இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "பன்னி மாதிரி இருக்கேனா?"

திருகாணியைத் திருகுகிற சத்தம் கேட்டது.

"இல்ல. காது தெரியுது, மூக்குத் தெரியுது. நீ கண்ணைத் தொடைக்கிறதுகூடத் தெரியுது."

"கோழித் தூசி," என்றாள் அவள்.

வெளிச்சத்துக்கு வந்ததும் நெல்டா அந்தக் கண்ணாடியை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தாள். கனமாகத்தான் இருந்தது.

"ராய்ஸ் இதை வாங்க மாட்டான், கார்லண்ட்."

"வாங்கணும். ராத்திரியானா நம்ம வேலியோரம் துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு அலையறது அவன்தானே? நானா அலையறேன்?"

அது உண்மைதான். காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் புல்வெளியை ஏர் பூட்டி உழுத மாதிரி ஆக்கிவிடும். அதைச் சுடுவதற்கு அங்கே சட்டம் காலமும் வைக்கவில்லை, கணக்கும் வைக்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரன் ராய்ஸ் அதில் வெறி பிடித்தவன். எது அசைந்தாலும் அவன் விரலும் அசையும்.

"வீட்டுக்குப் போனா நமக்குக் கதவே திறக்க மாட்டான்," என்றாள் நெல்டா.

"வீட்டுக்கு யாரு போறா? ஞாயித்துக்கிழமை சர்ச்சுல, எல்லார் முன்னாடியும் நீட்டுவோம். வேண்டாம்னு எப்படிச் சொல்றான்னு பாத்துடலாம்."

ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு பாத்திரத்தைத் திறந்துவைத்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற ஞாயிறு அது. நெல்டா பாத்திரம் எதுவும் எடுக்காமல் கையை வீசிக்கொண்டு வந்தாள். அவள் அப்படி வருவது இதுதான் முதல் தடவை. ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை, வழிதான் விட்டார்கள்.

ராய்ஸ் தன் பிக்கப் வண்டியில் சாய்ந்துகொண்டு பொரித்த கோழியைக் கடித்துக்கொண்டிருந்தான். கார்லண்ட் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் அவன் வாய் நின்றுபோனது.

"வண்டியில துப்பாக்கி இருக்குமே, ராய்ஸ். அதை எடு."

சுற்றியிருந்தவர்கள் பின்வாங்கினார்கள். பாஸ்டர் ஹோலிஸ் ஓட்டமும் நடையுமாக வந்து இருவருக்கும் நடுவில் நின்றார். "கார்லண்ட், வேண்டாம்பா. இது கர்த்தரோட வாசல்."

"பயப்படாதீங்க பாஸ்டர். பரிசு குடுக்கத்தான் வந்தேன்." கார்லண்ட் கையிலிருந்த துணிப் பொட்டலத்தைப் பிரித்தான். "நானே செஞ்சது. எப்பேர்ப்பட்ட இருட்டுலயும் எதிர்ல நிக்கறது என்னன்னு பளிச்சுனு காட்டும்."

ராய்ஸ் தட்டை வண்டி மேல் வைத்தான். "எனக்கா? இதை எந்த முகத்தோட நான் வாங்குவேன்?"

"உன்னை நெனச்சுதான் மூணு மாசம் உக்காந்து செஞ்சேன். வாங்கிக்க."

பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "அயலானை நேசி, அயலானை நேசின்னு வருஷம் பூரா நான் தொண்டை கிழியக் கத்தறேன். இந்த மனுஷன் செஞ்சே காட்டிட்டாரு."

"ஆமென்," என்றது கூட்டம்.

அதற்கப்புறம் ராய்ஸால் எப்படி மறுக்க முடியும்? இருக்கைக்குப் பின்னால் மாட்டியிருந்த துப்பாக்கியை எடுத்துத் தோட்டாக்களைக் கழற்றிவிட்டுக் கொடுத்தான். கார்லண்ட் குனிந்து ஒவ்வொரு திருகாணியாக முறுக்கி, கண்ணாடியை ஆடாமல் அசையாமல் பொருத்தினான்.

"சர்ச்சுத் தரைக்கு அடியில சந்து இருட்டா இருக்கே, அங்க பாரு. என்ன தெரியுது?"

ராய்ஸ் கண்ணை வைத்தான். "பூனை ஒண்ணு படுத்திருக்கு. அட, மீசைகூடத் தெரியுதே."

"அப்ப உனக்கு நல்லாத்தான் தெரியுது."

"தெரியுது கார்லண்ட், நல்லாவே தெரியுது." ராய்ஸ் துப்பாக்கியைத் தாழ்த்தினான். "நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு பெரிய மனசோட..."

"மனசும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல," என்றாள் நெல்டா. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவனை நேருக்கு நேர் பார்த்தாள். "வேலி கட்டக் குனிஞ்ச எங்க பையனைச் சுட்டுக் கொன்னுட்டு, இருட்டுல பன்னின்னு நெனச்சேன்னு சொன்ன, கோர்ட்டும் விட்டுடுச்சு. இனிமே அடுத்தவ பெத்த பிள்ளையைச் சுட்டா அந்தச் சாக்கு உனக்குக் கிடைக்கக் கூடாது, அதுக்குத்தான் இது."